ராகு காலத்துக்கு முன்னால் மாற்றிய மெயில்

ஹோஸ்டிங் கம்பெனி ஆரம்பிக்க என்ன வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், கலங்கினாலும் தாங்குகிற வயிறு வேண்டும் என்பேன். ஆரம்பத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். வாடகைக்கு ஒரு சர்வர், சுமாரான ஒரு லோகோ, போனை எடுத்துப் பேச ஒரு வாய். வாய் என்னிடம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

நாங்கள் இரண்டு பேர். நான் மாடம்பாக்கம், அவன் அஸ்தினாபுரம். காலேஜில் ஒரே கிளாஸ், ஒரே அரியர். கேம்பஸில் கிடைத்த வேலைக்குப் போகமாட்டேன் என்று நான் வீட்டில் சொன்ன நாளிலிருந்து அப்பா மகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மாவிடம் சொல்கிறார். அவன் அம்மா டீச்சர். பையனின் புது கம்ப்யூட்டர் முயற்சிக்காக சர்ச்சில் ஜெபக் குறிப்பே கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். சர்வர் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் இருந்தது. அதை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. வாடகைக்கு எடுத்த அந்த இடத்தைப் பிரித்துக் கஸ்டமர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய சைட்டும் மெயிலும் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

முதல் கஸ்டமர் திருமுடிவாக்கத்தில் கிடைத்தார். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கேட் கேட்டாக ஏறி இறங்கினோம். பாதி இடங்களில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. இவர் மட்டும்தான் சேர் போட்டு உட்கார வைத்தார். தகடு வெட்டி, மடித்து, வெல்டிங் செய்து கொடுக்கிற சின்ன யூனிட் அவருடையது. ஃபிட்டராக ஆரம்பித்து ஓனர் ஆனவர். ஏற்கெனவே ஒரு சைட் வைத்திருந்தார். அதில் இருந்தது அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய போன் நம்பர். கம்பெனி பெயரில் மெயிலும் அந்தப் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி ஒன்று முதல் தடவையாக அவருக்கு ஆர்டர் கொடுக்கப் பார்க்கிறது, அவர்கள் எட்டிப் பார்க்கும்போது சைட் கொஞ்சம் கௌரவமாக இருக்க வேண்டும் என்றார்.

புது சைட்டைச் செய்து முடித்தோம். பழைய இடத்திலிருந்து எங்கள் சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்யலாம், யாரும் மெயில் அனுப்பாத நேரம் என்று என் பார்ட்னர் சொன்னான். ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம வாணாம்பா. வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி முடிச்சிட்டீங்கன்னா கற்பூரம் காட்டிடலாம்."

"முடிச்சிடலாம் சார்," என்றேன். மேஜைக்கு அடியில் அவன் என் காலை மிதித்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் டிராபிக். யூனிட்டுக்குப் போய்ச் சேரும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டது. கண்ணாடி அறைக்குள் லேப்டாப்பைத் திறந்தோம். வெளியே தகட்டை அழுத்துகிற பவர் பிரஸ் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் மேஜை அதிர்ந்தது. ஓனர் எலுமிச்சம்பழத்தோடு தலைக்கு மேல் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சைட்டை மட்டும் இப்போது இழுத்துவிடுவோம், மெயிலை ராகு காலம் முடிந்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்வோம் என்று நான் அவன் காதில் சொன்னேன். அவனும் சரி என்றான். பத்தரைக்கு முன்னால் புது சைட் வந்துவிட்டது. கற்பூரம், கைதட்டல், தட்டில் கேசரி. வெல்டர்களைக் கூப்பிட்டு, அவர்கள் படம் சைட்டில் வந்திருப்பதை ஓனர் காட்டினார். எனக்கு ஒரே கெத்து.

அப்போதுதான் கேசரியை மென்றுகொண்டே சொன்னார். பெரிய கம்பெனியிலிருந்து இன்றைக்கு டிராயிங் மெயிலில் வருகிறது, பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் சரி என்று பதில் போட வேண்டும், போடாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சைட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கத்தான் சர்வரின் லாகைத் திறந்தேன். நடப்பதை எல்லாம் அது வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வரி. அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து ஓனருக்கு மெயில் வந்திருக்கிறது. இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று எங்கள் சர்வர் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

கேசரித் தட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளினேன்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு கம்பெனி பெயருக்கும் இன்டர்நெட்டில் ஒரு விலாசப் பட்டியல் உண்டு. சைட் எங்கே இருக்கிறது, மெயிலை எங்கே போட வேண்டும் என்று அதில் இருக்கும். அவசரத்தில் அந்தப் பட்டியலையே மொத்தமாக எங்கள் பக்கம் இழுத்துவிட்டோம். சைட்டுக்கான வரியை எழுதினோம். மெயிலுக்கான வரியை எழுதவில்லை. நாங்கள் தொடும்வரை மெயில் தன் பழைய இடத்திலேயே சமர்த்தாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அதுவோ சைட்டின் பின்னாலேயே வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே அவர் பெயரில் ஒரு பெட்டிகூட இல்லை.

"மச்சான், இதைப் பாரு," என்றேன். அவன் பார்த்தான். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஓனர் பெயரில் பெட்டி ஒன்றைத் திறக்க ஆரம்பித்தான். அவன் முடித்ததும் விட்டுப்போன மெயில் வரியை நான் எழுதினேன். இனி வருகிற மெயிலுக்கு அது போதும். போய்விட்டது திரும்பாது. அதைவிட மோசம், மாறிய விலாசம் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சிலருடைய மெயில் பழைய இடத்துக்குப் போகும், சிலருடையது எங்களிடம் வரும். யாருடையது எங்கே போகும் என்று எங்களுக்கும் தெரியாது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டே யாருக்கோ போனில் சைட் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ஷெட் முழுக்க அமைதி. அது இன்னும் பயங்கரமாக இருந்தது. ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லலாமா சார் என்று பார்ட்னர் மெதுவாகக் கேட்டான். கம்பெனி பெயரில் மெயில் இல்லாதவனை அவர்கள் சீண்டவே மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் இன்னான்னும்மா சொல்றது அவங்ககிட்ட? என் கம்பெனியில நானே இல்லன்னு சொல்லிக்கீது உன் மிஷினு. நீயே பேசு. நீதான் நல்லா பேசுறியே."

நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார். பர்ச்சேஸ் பார்க்கிற மேடம் எடுத்தார். இவ்வளவு நாள் கேட் கேட்டாகப் பேசிய வாய், வணக்கம் சொல்லவே திணறியது. ஓனரின் கம்பெனி பெயரைச் சொல்லி டிராயிங்கைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த அட்ரஸ்ல ஆளே இல்லன்னு திரும்பி வந்துடுச்சும்மா. அடுத்த வெண்டாருக்கு அனுப்பிடலாம்னு எடுத்து வச்சிட்டேன்."

"ஆள் இருக்கார் மேடம். என் பக்கத்துலதான் நிக்கிறார். இல்லன்னு சொன்னது எங்க சர்வர். அவர் மேல தப்பே இல்ல."

"நீங்க யாரு?"

"ஹோஸ்டிங் கம்பெனி மேடம்."

இதுவரை எத்தனை கம்பெனிகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் சைட்டில் 'பல நிறுவனங்களின் நம்பிக்கை' என்று பெரிதாகப் போட்டிருந்தோம். நான்தான் எழுதினேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இவர்தான் மேடம் முதல் ஆளு."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, இன்னொரு தடவை அனுப்புகிறேன், அதுவும் திரும்பினால் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று பேரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். பழைய பெட்டி ஒரு பக்கம், புதுப் பெட்டி ஒரு பக்கம். மாற்றி மாற்றித் தட்டினோம். இரண்டும் காலி. ஓனர் தட்டில் மிச்சம் இருந்த கேசரியை எடுத்து டேபிளுக்குக் கீழே வைத்தார், கண்ணில் படவே கூடாது என்பதுபோல. என் பார்ட்னரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணுகிறான் என்று தெரிந்தது. எனக்கு ஜெபமும் வரவில்லை, மந்திரமும் வரவில்லை. நெட் போய்விடுமோ, கரன்ட் போய்விடுமோ, நான் புதிதாக எழுதிய வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்குமோ என்று வரிசையாகப் பயங்கள்தான் வந்தன.

புதுப் பெட்டியில் வந்தது. யாரும் கைதட்டவில்லை. ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிராயிங்கைப் பெரிதாக்கி, ஃபோர்மேனைக் கூப்பிட்டு, ஒரு மடிப்பைக் காட்டி ஏதோ கேட்டார். பிறகு ஒற்றை விரலில் பதிலைத் தட்டி அனுப்பினார். வந்ததா என்று அவரே மேடத்துக்குப் போன் செய்து கேட்டார். வந்துவிட்டது. ஆர்டர் அவருக்கே என்று அதே போனில் சொன்னார்கள். பிரஸ் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"சைட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்மா. மெயில மட்டும் பழைய எடத்துலயே வுட்டுடுங்க."

உடனே தலையாட்டினேன். ரொம்பவே உடனே. திரும்ப உள்ளே போய் மெயிலைப் பழைய இடத்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினோம். பம்மல் தாண்டியதும் பின்னால் இருந்தவன் கேட்டான்.

"ஏன்டி, நீ சண்டையே போடல?"

"நிம்மதியா இருந்துச்சுடா."

கொஞ்ச தூரம் போனதும், "எனக்கும்தான்," என்றான்.

அதைக் கேட்டதும்தான் நிஜமாகவே பயந்தேன். அடுத்தவர் மெயிலை நம்பி வாங்கி வைத்துக்கொள்வதுதான் தொழில். அதைத் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு பேருக்கும் நிம்மதி என்றால், எதற்காக அந்த மாடி அறை, எதற்காக அப்பாவின் மௌனம்.

எங்கள் கம்பெனியின் சொந்த மெயிலை வைத்தே பழக ஆரம்பித்தோம். வேண்டுமென்றே வேறு இடத்துக்கு மாற்றுவோம், உடைப்போம், மறுபடி சரி செய்வோம். இப்போது எந்த வரியும் விட்டுப்போவதில்லை. புது கஸ்டமர்களும் ஒன்றிரண்டு பேர் வந்துவிட்டார்கள். போன வாரம் திருமுடிவாக்கம் போனபோது ஓனரிடம் கேட்டேன், மெயிலையும் எங்களிடம் கொடுக்கிறீர்களா சார் என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்மா," என்றார்.

கொடுத்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். போன் அடிக்கும்போதெல்லாம், அவர்தானோ என்று வயிற்றைப் பிசைகிறது.