உழாமல் விட்ட இடத்தில் ஓர் ஆள்காட்டி

படம் பிடிக்கும் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதிரே உட்காருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மோவாயைத் தொட்டுத் திருப்பிவிடுவான். எனக்கும் அது இருந்தது. பூச்சாடி மறைத்தால் நகர்த்துவேன். அங்கவஸ்திரம் சுருங்கியிருந்தால் இழுத்துவிடுவேன். ஒரு பறவையிடமும் அதே வேலையைக் காட்டினேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். மதுரையில் படம் பிடிக்கிற பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஓரம் உடைந்த மூன்று கண்ணாடி பிளேட்டுகளை முதலாளி என்னிடம் கொடுத்து, ஆசைப்பட்டதைப் படம் எடுத்துக்கொள் என்றார். நான் ஆசைப்பட்டது பறவைகளைத்தான். ஆனால் கேமராவைத் தூக்கியதுமே எல்லாம் பறந்துவிடும்.

பழங்காநத்தத்துக்கு மேற்கே உழவு செய்கிற சம்சாரிக் கூட்டாளி ஒருவன் எனக்கு இருந்தான். அவன் கல்யாணப் படத்தை எடுத்தவன் நான்தான். அதிலிருந்து எங்களுக்குள் மாப்ள, மாப்ள என்றே பேச்சு. கோடை மழை பெய்து ஓய்ந்த சமயம் கடைக்கு வந்தான்.

“மாப்ள, நடுப் புஞ்சையில ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு. உழுதுக்கிட்டே பக்கத்துல போறேன், எந்திரிக்கவே மாட்டேங்குது. எம்புட்டு நெஞ்சழுத்தம்ங்கிறே!”

அந்தப் பக்கத்துச் சம்சாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள்காட்டி முட்டையைக் கண்டால் கலப்பையைக் கொஞ்சம் விலக்கி, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தை உழாமல் விட்டுவிடுவார்கள். குஞ்சு பொரித்துப் போன பிறகுதான் அங்கே கொழு இறங்கும்.

மறுநாள் காலையிலேயே மடக்குக் கேமராவோடு சைக்கிளில் போய்விட்டேன். கூட்டாளி இடத்தைக் காட்டிவிட்டு, “தொந்தரவு பண்ணாம எடு” என்று சொல்லிவிட்டு வேறு வயலுக்குப் போனான். மாடு பக்கத்தில் போனாலும் அசையாத பறவை, என்னைத் தனியாகக் கண்டதும் கத்திக்கொண்டு எழுந்தது. கீழே நாலு முட்டைகள், மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு. முன்னால் கிடந்த மண்கட்டிகள் மறைத்தன. எடுத்துத் தள்ளி வைத்தேன். காய்ந்த புல்லைப் பிடுங்கினேன். இடம் பளிச்சென்று ஆனதில் எனக்கு ரொம்பத் திருப்தி. பத்தடி தள்ளிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பறவை வரவில்லை. சுற்றிச் சுற்றிக் கத்தியது. தரையில் இறங்கும், நாலு எட்டு ஓடி வரும், மாறிப்போன இடத்தைப் பார்த்துத் திரும்ப எழும்பும். பொறுமை போய் இரண்டு பிளேட்டுகளை வீணாக்கினேன். வெயில் ஏறிவிட்டது. முட்டைகள் மூடாமல் கிடப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தேன். ஒரு பறவைக்கு இவ்வளவு கிராக்கியா என்று கோபம் வேறு.

உச்சிப் பொழுதுக்குக் கஞ்சி கொண்டு வந்த கூட்டாளியின் மனைவி முட்டைகள் வெயிலில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். கலயத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து ஒரு முட்டையைத் தொட்டாள்.

“அடுப்புல வச்ச மாதிரி சுடுதுண்ணே! கட்டிய எல்லாம் எதுக்கு எடுத்தீங்க? எந்திரிங்க மொதல்ல!”

மண்கட்டிகளைத் தானே பழையபடி எடுத்து வைத்தாள். என்னைப் பனைமரத்துக்கு விரட்டி, தானும் வந்து நின்றாள். ஆள்காட்டி வாய்க்காலுக்கு ஓடி, வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா, தண்ணி கொண்டாருது” என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கஞ்சி குடிக்க வந்த கூட்டாளி விடவில்லை. “நாளைக்கு உழவுல எங்கூட வா மாப்ள. மாட்டோட வந்தா அது பயப்படாது” என்றான். மறுநாள் சட்டையைக் கழற்றிவிட்டு, அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மாட்டை ஒட்டியே நடந்தேன். கேமராவில் ஆறடி தூரத்துக்கு ஃபோகஸ் வைத்திருந்தேன். மூன்றாவது சுற்றில் மாட்டின் குளம்பு பறவைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. பறவை இறகைச் சிலிர்த்ததே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசி பிளேட்டில் பிடித்துவிட்டேன். கழுவிப் பார்த்தால், கண்ணைச் சுற்றிய வளையம்கூட அதில் துல்லியமாக விழுந்திருந்தது. இருட்டறையில் தனியாகச் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பிரதி கொடுக்கப் போனேன். புஞ்சையில் பயிர் முளைத்திருந்தது; அந்தப் பாயளவு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“மூணு குஞ்சு ஓடிருச்சுண்ணே” என்றாள் அவள். நான் நாலாவதைக் கேட்டேன். படத்தைப் பார்த்தபடியே, “கூமுட்டையாப் போச்சு. அது எப்பவும் ஒண்ணு ரெண்டு அப்படித்தான் போகும்” என்றாள். அன்றைக்கு அப்படித் திட்டியவள், இன்றைக்கும் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டார். என்ன தைரியம் பாருங்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் வியப்பார்கள். அடியில் எத்தனை முட்டை என்று கேட்பார்கள்.

“நாலு” என்பேன். அது பொய்யில்லை. எத்தனை பொரித்தது என்று அடுத்த கேள்வி வருவதற்குள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.