மேல் பல்லுதானுங்க

‘குறை எதுவானாலும், அது யாருடையதானாலும், கண்ட இடத்திலேயே தயக்கமின்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பு இவருடையது’ என்று கூறுகிறது லட்சுமணசாமியின் பணி விவரக் குறிப்பு. இப்படி விவரிக்கப்பட்டவர் போன மார்கழியில் ஒரு காலை, பீளமேட்டு பேக்கரி ஒன்றில் கொதிக்கும் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆற்றித் தரச் சொல்லிக் கேட்ட காபி அது. “சரியா இருக்குதுங்களா?” என்றார் கடைக்காரர். “பிரமாதமுங்க.” ஆடை படியும்வரை காத்திருந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, காபி வலப்பக்கப் பற்களில் படாமல் தொண்டைக்குள் இறங்கும்படி ஊற்றிக்கொண்டார். பார்ப்பவர்கள் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தார்கள். கேட்டவர்களிடம் அவரும் கழுத்துப் பிடிப்பு என்றே ஒப்புக்கொண்டார். அவர்கள் அவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது எப்படி மறுப்பது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தர ஆய்வாளர். பவுண்டரிகளிலிருந்து வரும் வார்ப்புகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பது வேலை. நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். மொத்தென்றதன் மேல் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. இரும்பிடம் அவருக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் அதைக் கொண்டுவந்த பவுண்டரிக்காரர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் சாக்கட்டி சட்டைப்பைக்குள் போய்விடும். “அப்பறம் பாத்துக்கலாமுங்க. டீ சாப்புட்டீங்களா?” முதலாளி விவரமானவர். ஆளை மாற்றவில்லை, ஆய்வு நடக்கும் கொட்டகைக்குள் பவுண்டரிக்காரர்கள் நுழையக் கூடாது என்று ஒரு பலகை மாட்டினார். அந்தப் பலகையின் புண்ணியத்தில் நல்ல பம்புகள் ஊரெங்கும் தண்ணீர் இறைக்கின்றன. லட்சுமணசாமியின் வாய்க்கு அப்படியொரு பலகையை யாரும் மாட்டவில்லை.

அவர் பல்லில் விரிசல் வந்த கதையும் மரியாதையில்தான் தொடங்குகிறது. மகள் தேஜஸ்ரீயைக் கட்டிக்கொடுத்த வீடு அன்னூரில். போயிருந்தபோது சம்பந்தியம்மாள் கடலை உருண்டை வைத்தார். “பாகு கொஞ்சம் முத்திப்போச்சுங்க. கெட்டியா இருக்குதுங்களா?” லட்சுமணசாமி அப்போதுதான் கடித்திருந்தார். வாய்க்குள் ஏதோ டக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது. “பூ மாதிரி இருக்குதுங்க” என்றார். சம்பந்தியம்மாள் மகிழ்ந்துபோய் இன்னொன்று வைத்தார். அதையும் தின்றார்.

அன்றிலிருந்து வந்த வலி விசித்திரமானது. கடிக்கும்போது ஒன்றுமில்லை, கடித்ததை விடும்போது ஊசி பாயும். விரிசல் விட்ட பல்லின் குணமே அதுதான். அழுத்தும்போது இரண்டு பக்கமும் நூலளவு விலகும், அழுத்தம் போனதும் சட்டென்று சேரும், நடுவில் மாட்டிக்கொள்ளும் நரம்பு அலறும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று வலிப்பவருக்கே குழப்பம் வருவதும் உண்டு. லட்சுமணசாமிக்கு அந்தக் குழப்பம் இல்லை. வீட்டில் ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்து, கீழ்ப் பல்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் முன்பே போய்விட்டன. வலப்பக்கத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மெல்லுவதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

பீளமேட்டிலேயே புதிதாக கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஃபெமினா, தேஜஸ்ரீயின் வயதுப் பெண். வேலையில் குறை சொல்ல முடியாது. படம் எடுத்தார், தட்டினார், குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். சின்ன பிளாஸ்டிக் குச்சி ஒன்றைப் பற்களுக்கு நடுவே கொடுத்து, “நல்லா கடிங்க அங்கிள். இப்ப விடுங்க” என்றார். லட்சுமணசாமி நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினார்.

“மேலயா கீழயா அங்கிள்? எனக்கு மேல் பல்லு மேலதான் சந்தேகம். பழைய அடைப்பு பெருசா இருக்குது பாருங்க. அந்த மாதிரி பல்லுலதான் விரிசல் வரும்.” சொன்னதோடு விடாமல் ஒரு காகிதத்தில் மேல் பல்லைப் படமாக வரைந்து, விரிசல் எப்படி ஓடுகிறது, பல்லின் மேல் உறைபோலத் தொப்பி போட்டால் எப்படி நிற்கும் என்று விளக்கினார். “ஒடஞ்ச பைப்புக்கு கிளாம்ப் போடற மாதிரி. விரிசல் வேருக்கு எறங்கறதுக்குள்ள போட்டுட்டா பல்லு தப்பிச்சுரும். எறங்கிருச்சுன்னா எடுக்கறதத் தவிர வழியில்ல.” பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்: “மேல் பல்லுதானுங்களே?”

படம் அழகாக வந்திருந்தது.

“மேல் பல்லுதானுங்க” என்றார் லட்சுமணசாமி.

மேல் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்தது. தொப்பியும் ஏறியது. ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பல் பளபளவென்று பீங்கான் வெள்ளையில் உட்கார்ந்திருக்க, அதற்கு நேர் கீழே இருந்த பல் தன் விரிசலோடு அப்படியே இருந்தது.

மனைவி ராமாமணியிடம் எதையும் மறைக்க முடியாது. அந்த வீட்டில் புழங்குவது தெலுங்கு. திட்டுவது மட்டும் தமிழில். அக்கம்பக்கத்துக்கும் நியாயம் புரியட்டும் என்பது ராமாமணியின் கட்சி.

“ஏனுங்க, கீழ வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? உங்க வாய்தானுங்களே?”

“அந்தப் புள்ள அத்தன செரமப்பட்டுச் செஞ்சிருக்குது அம்மணி. இப்பப் போயி அதில்லீங்கன்னா மனசு நொந்துபோயிருமல்ல.”

“அதுக்கு மனசு நோவக்கூடாதுன்னு நீங்க கஞ்சி குடிச்சே சாவீங்களாக்கும். இரும்பத் தட்டித் தட்டிக் கொறை சொல்றவருக்கு, சொந்தப் பல்லுக்குச் சாக்பீஸு கெடைக்கல.”

“இரும்புக்கு மனசில்லையே.”

ராமாமணி சோற்றை இன்னும் கொஞ்சம் குழைத்து வைத்தார்.

குழைந்த சோறு, ரசத்தில் ஊறிய இட்லி, தண்ணீராக்கிய ராகிக் கூழ் என்று மாதங்கள் போயின. ஆள் சுருங்கினார், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கம்பெனி கேன்டீனில் எல்லோரும் சப்பாத்தியைப் பிய்க்கும்போது, விரதம் என்று சொல்லி மோர் குடித்தார். எந்தச் சாமிக்கு இத்தனை விரதம் என்று யாரோ கேலி செய்ததற்கு அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து வாயை மூடும்போது பற்கள் மோதி விலக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சோத்தப் பாத்தாலே பயமா இருக்குதுங்க” என்று ஒருநாள் யாரிடம் என்றில்லாமல் சொன்னார், வானிலை சொல்வதுபோல. “பசிக்காம இருந்தா தேவலைன்னு இருக்குதுங்க.”

சொல்ல வாய்ப்பே வரவில்லை என்றும் கூற முடியாது. மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில் ராமாமணி வாசல்வரை வந்து, சொல்ல வேண்டியதைப் பாடம்போல் ஒப்பிக்கச் சொல்லி அனுப்பினார். லட்சுமணசாமியும் அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஃபெமினா தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “என் கைக்கு இவ்வளவு கச்சிதமா வந்த கேப் இதுதான் அங்கிள். எங்கப்பாகிட்டகூடப் போட்டோ காட்டுனேன். இப்ப வலி எப்படி இருக்குது?” என்றார். லட்சுமணசாமி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். வலி இருந்த இடமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்து வரச்சொல்லித் தேதி கொடுத்தார்கள். இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தத் தேதி நெருங்க நெருங்க, வார்ப்பைத் தட்டும் சுத்தியல் சத்தமே பல்லில் இறங்கத் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை, பொள்ளாச்சியில் பம்பு டீலரிடமிருந்து புகார் என்று வீட்டில் சொல்லிவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறினார். மாட்டுச்சந்தைக்குப் போகும் வண்டிகளால் பஸ் நின்று நின்று போனது. பொள்ளாச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

டாக்டர் நஞ்சுண்டன் வயதானவர், அவசரப்படாதவர். வாயைப் பார்த்துவிட்டு மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் தட்டிப் பார்த்தார்.

“மேல வேல சுத்தமாப் பண்ணியிருக்குது. ஆனா கோளாறு கீழதானுங்களே இருக்குது?”

“ஆமாங்க.”

“அப்பறம் எதுக்குங்க மேல பண்ணுனாங்க?”

“நாந்தானுங்க மேலன்னு சொன்னேன்.”

நஞ்சுண்டன் கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “செரி, போனது போகட்டும். உங்க அதிர்ஷ்டம், விரிசல் இன்னும் வேருக்கு எறங்கல. இன்னைக்கே நான் அளவெடுத்துப்போடறேன். கீழயும் ஒரு தொப்பி மாட்டிட்டா ரெண்டும் சேந்து மெல்லும். முறுக்கே கடிக்கலாமுங்க.”

லட்சுமணசாமி கூரையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கீழே புதுத் தொப்பி இருந்தால் ஃபெமினாவின் கண்ணில் படும். எங்கே போட்டது, ஏன் போட்டது என்று கேட்பார். கேட்டால் மேல் பல்லின் கதை வெளியே வரும். அந்தப் பெண்ணின் முகம் வாடும். பல்லே இல்லாத இடம் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆடிப்போச்சுங்க, விழுந்துருச்சுங்க என்று சொல்லிக்கொள்ளலாம்.

“வேண்டாமுங்க” என்றார். ஒரு மனிதரின் முகத்துக்கு நேராக அவர் சொன்ன முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும். “எடுத்துப்போடுங்க.”

“கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதையும் எடுத்துட்டா மேல இருக்கறது எதோட மோதும்? அதும் சும்மா இருக்கும். அப்பறம் எதுலீங்க மெல்லுவீங்க?”

லட்சுமணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.