சும்னே வைத்த பெட்டி

கூடத்தின் நடுவில் நின்று உதயகுமார் பட்டென்று ஒரு கைதட்டு தட்டுகிறார். நான்கு சுவரும் திருப்பித் தட்டுகின்றன. "கேட்டியா, எப்படிக் கணீர்னு இருக்குது!" என்று மனைவி ஜோதிமணியைத் தேடுகிறார். அவர் வீட்டில் இல்லை.

மனிதர் மார்டள்ளி என்கிற கர்நாடகத் தமிழ்க் கிராமத்துக்காரர். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. வீட்டிலும் அளவு டேப் கையைவிட்டு இறங்காது. ஸ்பீக்கர் இரண்டும் சுவரிலிருந்து சரியாக ஒன்றரை அடி. சத்தத்துக்கு இடைஞ்சல் என்று சோபா, திரைச்சீலை, பாய் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டார். மிச்சம் ஒரே நாற்காலி, அதைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. அதற்குள் உட்கார்ந்தால்தான் பாட்டு பாட்டாகக் கேட்குமாம்.

"உங்க கோட்டுக்குள்ள உக்காந்து கேக்கறதுக்கு, நானென்ன பரீட்சையா எழுதறனுங்க?" என்று ஒருநாள் எழுந்துபோன ஜோதிமணி, அன்றிலிருந்து மாலையானால் எதிர்வீட்டில் இருக்கிறார். பசவராஜ் வீட்டில். பாட்டுக் கேட்க!

உதயகுமாருக்கு வயிறு எரிந்தது. பசவராஜிடம் இருப்பது காயலான் கடை ஸ்பீக்கர் பெட்டிகள். இன்று பொறுக்க முடியாமல் தானும் போய் நின்றார்.

சுவரோரம் குண்டலுபேட்டையிலிருந்து வந்த ராகி மூட்டைகள். கட்டிலில் மெத்தைகள், மடிக்காத துணிக் குவியல். மூட்டைகளுக்கு முன்னால் இரண்டு பெட்டிகள். பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. உதயகுமார் மெதுவாகக் கை தட்டினார். சத்தம் மூட்டையிலும் மெத்தையிலும் அமுங்கி அங்கேயே அடங்கியது. காலி செய்த தன் கூடம்தான் பாட்டைக் கெடுக்கிறது என்று புரிந்துவிட்டது. புரிந்ததில் பொறாமை இரண்டு மடங்கானது.

"எடம் அளந்து வெச்சீங்களா?"

"இல்லண்ணா, சும்னே வெச்சது. மூட்ட இருக்கல்லா, அதுக்கு முன்னாடி தான் எடம் இருந்துச்சு."

சும்னே! ஆறு மாதம் டேப்போடு தவழ்ந்தவரிடம், சும்மா வைத்தேன் என்கிறான்.

பசவராஜ் காபிக்கு உள்ளே போனதும், உதயகுமார் ஒரு பெட்டியின் முகத்தை மூட்டைப் பக்கம் திருப்பிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் திருப்பினார். குரல் மங்கியது. கண்மூடி முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஜோதிமணியின் விரல்கள் நின்றன.

"அந்தப் புள்ளயோட கொரலு எங்க போச்சு?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

உதயகுமார் குனிந்தார். டேப்பை எடுக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினார். பழைய இடத்துக்கு அல்ல, மனைவியின் காதுக்கு நேராக.