திரைக்கு இந்தப் பக்கம் டாக்டர் பாய்

துபாய் ஊருக்குள் புகுந்து வளைந்து கிடக்கும் கடல்கழிக்கு அடியில் மெட்ரோ ரயில் போகும். அதற்குள் வைத்து ஒரு காலையில் நான் செத்துப்போனேன். அப்படித்தான் நினைத்தேன். அல் குசைஸில் ஏறி, பர் துபாயில் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தண்ணீர், தண்ணீருக்கு மேலே படகுகள், படகுகளுக்கு மேலே வெயில் என்று சும்மா யோசித்ததுதான் தப்பு. நெஞ்சு அடைத்தது. விரல்கள் என்னுடையவை இல்லை என்பதுபோல் குளிர்ந்தன. எதிரே நின்ற பெண்ணின் உதட்டுச் சாயம் மட்டும் தூரத்துத் துறைமுக விளக்காகத் தெரிந்தது. கலிமா சொல்ல வாயெடுத்தவனுக்கு மடியிலிருந்த டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. உள்ளே கருவாட்டுக் குழம்பு. மையித்தைத் தூக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்களே என்ற வெட்கத்திலேயே உயிர் கொஞ்சம் தங்கிவிட்டது.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் ஜோராக இருக்கிறது, இது வெறும் பேனிக், மனசுப் பயம் என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர். இவ்வளவு பாடு பட்டிருக்கேன், ஒண்ணுமே இல்லைன்னா எப்படி?"

ஐம்பதை நெருங்குகிறவனுக்கு ஒரு கௌரவமான வியாதிகூட வாய்க்கவில்லை.

அன்றிலிருந்து கழிக்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, அப்ரா என்கிற மரத்தோணியில் அக்கரை போனேன். கேட்டவர்களிடம், "காத்து நல்லா வருது" என்றேன். காலை வெயிலில் தண்ணீர் பட்டுச் சேலையை விரித்துக் காட்டுவதுபோல் கிடக்கும். தோணியின் மோட்டார் சத்தத்தில் பாதித் தூக்கம் வரும். அந்தப் பாதித் தூக்கத்தில்தான் ஒருநாள், இந்தப் பேனிக் என்கிறவன் யார், அவன் அப்பன் பேர் என்ன என்று விசாரித்துவிடுவது என முடிவெடுத்தேன். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைதூரக் கல்வியில் உளவியல் சேர்ந்தேன்.

எங்கள் ரூமில் ஆறு பேர். செய்தி தெரிந்ததும் எனக்கு டாக்டர் பாய் என்று பேர் விழுந்தது. டாக்ஸி ஓட்டும் நாகர்கோவில்காரர், "பாய், தலையெல்லாம் பேனு. புஸ்தகத்துல மருந்து போட்டிருக்கா?" என்று தலையைக் குனிந்து காட்டினார். வழுக்கைத் தலை.

புத்தகத்தில் வருகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருந்தது. எல்லாருக்கும் தனி அறை, ஒரு நாய், ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. மனம் கனத்தால் தோட்டத்தில் நடந்துவரச் சொல்லியிருந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங், அதற்கப்பால் இன்னொரு பார்க்கிங். பாதி ஆயுளை ஒரு கட்டிலுக்குள் வாழ்ந்து முடிக்கிற எங்களைப் போன்ற கறுத்த ஆட்களுக்கு எந்த அத்தியாயம் என்று புரட்டிப் புரட்டித் தேடினேன். கிடைக்காததால், படித்து முடித்து லீவு நாட்களில் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் கேம்ப்பாகப் போய்த் தமிழில் காது கொடுத்துக் கேட்கிற ஆளாகிவிடுவது என்று எனக்கு ஒரு கனவு முளைத்தது.

பாடத்துக்காக, நம் சமூகத்தில் ஒருவரிடம் அவர் மனநிலை பற்றிப் பேசிவரச் சொன்னார்கள். ரூமில் தொடங்கினேன்.

"நல்லாத் தூக்கம் வருதா?"

"ஃபிட் பாய்."

"மனசுல ஏதாச்சும் பாரமா..."

"ஃபிட், ஃபிட்." நெஞ்சை நிமிர்த்தி வேறு காட்டினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விசா புதுப்பிக்கும்போதெல்லாம் ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரேக்கு மூச்சைப் பிடித்து நின்று வாங்குகிற வார்த்தை அது. 'அன்ஃபிட்' என்று வந்தால் அடுத்தது விமானம்தான். அதனால் உடம்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் வாய் தானாக ஃபிட் என்கிறது. என்னைக் கேட்டிருந்தால் நானும் தோணியிலிருந்தபடியே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒருவன் மட்டும் அதைக்கூடச் சொல்லவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துத் தம்பி. உயரக் கட்டடங்களின் கண்ணாடியை, கிரேடில் என்கிற கம்பித் தொட்டிலில் தொங்கிக்கொண்டு துடைக்கிறவன். டூட்டி முடிந்து வந்தால் மகளுக்கு வீடியோ கால் போட்டு, "இன்னைக்கு நாப்பதாவது மாடி கண்ணு" என்று கதையளப்பான். போனைத் திருப்பி எங்களையும் காட்டுவான். அந்தக் குட்டி என்னைத் தொப்பித் தாத்தா என்றாள். தாத்தாவாம்! கொஞ்ச நாளாக வீடியோ கால் இல்லை. வந்ததும் கட்டில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவான்.

கட்டில் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரூம்களில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு துணி தொங்கும். திரை மூடியிருந்தால் உள்ளே இருப்பவன் ரூமில் இல்லை என்று அர்த்தம். கூப்பிடக் கூடாது, விலக்கவே கூடாது. அழுகை, தொழுகை, பெண்டாட்டியோடு சண்டை எல்லாம் அதற்குள்தான். ஏசி காற்றில் ஆறு திரைகளும் மெல்ல ஆடும்போது, ஆறு பாய்மரங்கள் எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றும். அவன் திரையில் கிளிகள். துவைத்துத் துவைத்து மூக்குகள் வெளுத்துவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிடும்போது நாகர்கோவில்காரர் என் காதில், "நாளையிலேர்ந்து அவனுக்குப் புது டவராம் பாய். முன்னதைவிட ஒசரம். நேத்து டீ கிளாஸப் பிடிக்க முடியல அவனால. அந்தக் கையோட மேல போறாம் பாத்துக்கிடுங்க" என்றார். திரைக்கு வெளியே அவன் தட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவன் யாரிடமும் எதையும் சொல்லாமல் போனால் நாளை அந்தக் கை நாற்பது மாடிக்கும் மேலே கம்பியைப் பிடித்திருக்கும். அவனைப் பேசவைக்க வேண்டும், ஆனால் திரையைத் தொடக் கூடாது.

மற்றவர்கள் உறங்கிவிட்ட மதியம். நான் போய் அவன் கட்டிலின் இரும்புக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்கிறது புத்தகம். நான் ஒரு கிளியின் கண்ணைப் பார்த்தேன்.

"தம்பி, நான் ஏன் தோணியில போறேன் தெரியுமா?"

உள்ளே அவன் புரண்டு படுத்தான்.

"காத்துக்குன்னு சொன்னீங்க."

"பொய்."

ரயில், தண்ணீர், கலிமா, கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றையும் கிளியிடம் சொன்னேன். திரை குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. பிறகு குரல் வந்தது.

"கண்ணாடியில என் மூஞ்சி தெரியும் பாய். அதுக்குப் பின்னாடி வானம். எதுமேலயும் நிக்காம நான் மட்டும் தொங்குற மாதிரி இருக்கும். கிரேடில் ஆடுறதுக்கு முன்னாடியே கை ஆடுது."

"ஃபோர்மேன்கிட்ட சொல்லேம்ப்பா."

"அன்ஃபிட்னு அனுப்பிடுவாங்க பாய்."

நான் அந்த உயரத்தை நினைத்தேன், அவன் மகளை நினைத்தேன். பிறகு, கேட்க நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதை நினைத்தேன். அவ்வளவுதான். நெஞ்சு அடைத்தது, விரல்கள் குளிர்ந்தன. கிளிகள் எல்லாம் திரையைவிட்டு மெதுவாகப் பறக்கத் தொடங்கின.

"தம்பி... கொஞ்சம் இருப்பா. எனக்கு வருது."

"என்னது வருது?"

"அதேதான்..."

திரை விலகியது. உள்ளிருந்து அவனேதான் விலக்கினான். தாடி வளர்ந்த முகத்தோடு குதித்து இறங்கி என் தோளைப் பிடித்தான். "பாய்! பாய்! என்ன பண்ணணும், சொல்லுங்க!"

"மூச்ச மெதுவா விடணும். கண்ணுல படுறத ஒண்ணொண்ணா சொல்லணும்."

"சொல்லுங்க."

"பக்கெட்."

"ரைஸ் குக்கர்," என்றான் அவன்.

"நாகர்கோவில் வழுக்கை."

அவன் சிரித்தான். என் தோளில் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் தோளும் நடுங்கியதால் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஆறிய பிரியாணியை இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கடைசி வாய்க்கு முன், "காலையில ஃபோர்மேன்கிட்ட நீங்களும் கூட வர்றீங்களா பாய்?" என்றான்.

மறுநாள் விடியலில், கடைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் அவனோடு அவன் கம்பெனி யார்டுக்குப் போனேன். ஃபோர்மேன் மலையாளி. தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"இது யாரு, டாக்டரா?" என்று என்னைக் காட்டினார்.

"ஜவுளிக்கடை ஸார்," என்றேன்.

அவர் கேபின் கதவைச் சாத்தினார். "கிரேடிலுக்குக் கீழ யாரும் வராம தடுப்புக்குக் காவல் நிக்க ஆளில்லாம ஒரு வாரமா அலையறேன். அப்பவே சொல்லக் கூடாதா? இப்போ கீழ நில்லு. விசா புதுக்கும்போது என்னாகும்னு எனக்கும் அறியில்லா. அப்ப பார்க்கலாம். யல்லா, போ."

விசா புதுப்பிக்க இன்னும் மாதங்கள் இருந்தன. அந்தப் பயம் எங்கேயும் போகவில்லை. வேலை முடிந்து அவனோடுதான் பஸ்ஸில் ரூமுக்குத் திரும்பி வந்தது. ஆனால் அன்று அவன் மேலே போகவில்லை.

சாயங்காலம் கிளித் திரை திறந்திருந்தது. மகளுக்கு வீடியோ கால் போட்டான்.

"அப்பா, இன்னைக்கு எத்தனாவது மாடி?"

"இன்னைக்குக் கீழதான் கண்ணு. அப்பாவுக்கு மேல போக பயமா இருக்கு."

ரூமே மூச்சைப் பிடித்தது, எக்ஸ்ரேக்கு நிற்பதுபோல.

"எனக்கும் ராட்டினத்துல பயமா இருக்கும்ப்பா," என்றாள் அவள், ஏதோ மிட்டாயை மென்றுகொண்டே.

அவன் போனை என் பக்கம் திருப்பினான். "தொப்பித் தாத்தாவுக்கும் பயம்தான், கேளு."

"எதுக்குத் தாத்தா?"

"ரயிலுக்கும்மா," என்றேன்.

அவள் சிரித்தாள். மிட்டாய் தெறிக்கச் சிரித்தாள். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டு, "ரயிலுக்காம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் என் பங்குக்குத் தொப்பியைக் கழற்றி ஒரு சலாம் வைத்தேன்.