காதோரம் வைத்த விரல்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. வீட்டுக்காரர் குழித்தறியில் நெய்வார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பேன்.

ஒரு சாயங்காலம் நூல் சுற்றிய குச்சி ஒன்று தறியோரம் உருண்டு போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குள் குறுக்கே ஓடவேண்டிய நாடாக்கட்டை அந்த நேரம் பார்த்து வெளியே துள்ளிப் பாய்ந்து, அதன் இரும்பு முனை என் நெற்றிப்பொட்டில் குத்திவிட்டது.

வலி பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது, நெஞ்சு அடிக்கிற கணக்கில். மாமியார் ஓடிவந்து காப்பிப்பொடியை அள்ளி அப்பினார். நிற்கவில்லை. இன்னொரு பிடி அப்பினார், அதையும் ரத்தம் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் வீட்டில் யாருக்கும் காப்பி இல்லை என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்போம். அப்போது எனக்குச் சாவு பயம்தான்.

பாம்புக்கடிக்குக் கட்டுப்போடுவதில் மாமனாருக்குத் தெருவில் நல்ல பேர். அவர் தோள் துண்டை உருவினார்.

“ஏலே, பாத்துக்கிட்டா நிக்க? கால்ல பாம்பு கடிச்சா மேல இறுக்கிக் கட்டுதோம்லா? கழுத்துல கட்டுனா ரத்தம் மேல ஏறாது, பிடிலே!”

அப்பாவும் மகனுமாக என் கழுத்தைச் சுற்றித் துண்டை இழுத்தார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாவம், என்னைக் காப்பாற்றத்தான் கழுத்தை நெரித்தார்கள்.

சேலை எடுக்க வந்த ஒரு இளம்பெண் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மதுரையில் நர்ஸ் வேலை, ரயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர். போட்டது போட்டபடி உள்ளே பாய்ந்தார்.

“ஐயையோ, துண்ட எடுங்க அண்ணாச்சி! மூளைக்குப் போற ரத்தமும் அந்தக் கழுத்து வழியாத்தான போவுது!”

துண்டைப் பறித்து எறிந்துவிட்டு, என் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து எலும்போடு சேர்த்து அமுக்கினார். குழாயை அடைத்தது மாதிரி ரத்தம் நின்றது.

விரலை எடுக்காமலே என்னோடு மாட்டுவண்டியில் ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாமனாருக்குப் பொறுமையாகச் சொன்னார்: “கழுத்துல ரெண்டு பக்கமும் பெரிய குழாய் ஏறுது. அதுல ஒரு கிளை மூளைக்கு. இன்னொரு கிளை முகத்துக்கும் தலைக்கும். அதுலருந்து வார சின்னக் கிளைதான் இது, காதோரமா ஏறுது. இத மட்டும் அமுக்குனாப் போதும்.”

மாமனார் மெதுவாகச் சொன்னார்: “ஒரு இழை அறுந்ததுக்குப் பாவு முழுசையும் அறுக்கப் பாத்தேனே, தாயி.” சொல்லிவிட்டு, என் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரயில் கூவிப் புறப்படுகிற சத்தம் கேட்டது. அந்த நர்ஸ் போகவேண்டிய ரயில். அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் தையல் போட வந்து, “போதும்மா, எடுங்க” என்ற பிறகுதான் கையை எடுத்தார். விரல் மரத்துப்போய் நீட்ட முடியாமல் உதறிக்கொண்டிருந்தார்.

மாமனார் அதன்பிறகு வருகிறவர் போகிறவர் காதையெல்லாம் பிடித்து அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார், என்னவோ தாமே கண்டுபிடித்த மாதிரி. அந்தப் பெண்ணின் பேரைக் கேட்க மட்டும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் தலை வாரும்போது காதோரம் அந்தத் துடிப்பு கையில் தட்டுப்பட்டால், ரயிலை விட்டுவிட்டு என் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த விரல் இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.