டம்மி லோடுக்குப் போன உரை

தொண்ணூறுகளில் புனேக்கு வெளியே ஒரு வானொலி டிரான்ஸ்மிட்டரில் எனக்கு வேலை. ஒருமுறை கரண்ட் போனபோது ஜெனரேட்டரைப் போட மறந்தவர் என் மேலதிகாரி. லாக் புக்கில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று என் பெயரை எழுதிவிட்டார். கேட்டதற்கு, "எழுதினது எழுதினதுதான்யா, போய் மீட்டரைப் பாரு" என்றார். வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று. ஒரு வருடம் கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலை அவருடைய கால் மணி நேர இந்தி உரை ஒலிபரப்பாக இருந்தது. தலைப்பு, கடமை உணர்ச்சி!

டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க டம்மி லோட் என்று ஒரு பெட்டி உண்டு. ஆன்டெனாவுக்குப் போகவேண்டிய சக்தியை அது விழுங்கி வெறும் சூடாக மாற்றிவிடும். மீட்டரெல்லாம் ஒழுங்காகக் காட்டும். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நேரடியாகச் சத்தம் வரும், ஆனால் எந்த வீட்டு ரேடியோவிலும் வராது. அவர் பேச்சு முழுவதையும் அதற்குள் தள்ளினேன். அந்த அனலில் கையைச் சூடுபடுத்திக்கொண்டு நின்றது, அப்பா, என்ன சுகம்!

மறுநாள் வந்தார். "ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல கேட்டேன்யா, கணீர்னு இருந்துச்சு. கடக்வாஸ்லாவிலேர்ந்து மச்சான்கூட போன் பண்ணி, ரேடியோல கேட்டேன், பிரமாதம்னான்!"

"நானும் கேட்டேன் சார்" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு புகார்ப் புத்தகத்தைத் திறந்தேன். ரேடியோ வரவில்லை என்று ஒருவர்கூடப் போன் செய்திருக்கவில்லை. அவர் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று குதூகலித்தேன். பிறகுதான் உறைத்தது. கால் மணி நேரம் காணாமல் போனது அவர் பேச்சு மட்டுமல்ல, எங்கள் நிலையமே. அதையும் யாரும் தேடவில்லை.

அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, மீட்டர் ஒழுங்காகக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான்.