லிட்டருக்கு நான் போட்ட உறை

2025 மே 14, புதன்கிழமை, காலை ஏழு இருபது. காற்றே இல்லை, அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரி காலியாக நின்றது. முப்பத்து நான்கு வீடுகளில் பத்தொன்பதுக்கு ஊற்றியாயிற்று. பிறந்து ஒன்பதே நாளான குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு சொட்டு இல்லை.

"இன்னா லிஸ்ட் குட்த்த, பெருசு? மொத வூட்ல நாப்பது லிட்டரு ஊத்துறதுக்குள்ள தொட்டி வழியுது!" என்றார் டிரைவர்.

"வழிந்தால் நிறுத்தி, காய்ந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"லிஸ்ட்ட மீறி பைப்ப திருப்பினா காசு இல்லன்னு போன வருசம் சொன்னது யாரு, நானா?"

நான்தான். யாருக்கு முதலில் என்று அப்போது நடந்த சண்டைக்குப் பிறகு, யார் கெஞ்சினாலும் பட்டியல் வரிசைதான் என்று விதி போட்டதும் நான்தான்.

தெருச் சங்கத்துக்காக இந்தப் பட்டியல் போடுவது என் வேலை. தொட்டி நிறைய எத்தனை லிட்டர் குறைகிறது என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எனக்கு அனுப்புவார்கள். ஓய்வு பெற்றபின் கற்ற ஹாஸ்கெல் மொழியில் நான் எழுதிய நிரல் அவற்றை வரிசைப்படுத்தும். வீட்டு எண்ணும் லிட்டரும் கணினிக்கு ஒரே மாதிரி வெறும் எண்கள். ஒருமுறை இரண்டும் கலந்துவிட்டன. அதனால் லிட்டருக்குத் தனியாக ஓர் உறை போட்டு, அதற்குக் 'குறை' என்று பெயர் வைத்தேன். உறை போட்டதும் கணினிக்குக் கூட்டவும் தெரியவில்லை, ஒப்பிடவும் தெரியவில்லை. பதினான்கு வரி எழுதிக் கற்றுக்கொடுத்தேன். அதில் இரண்டு வரி, அதிகம் குறையும் வீடு முதலில் வர வேண்டும் என்பதற்கு.

செவ்வாய் மாலை மருமகள் எட்டிப் பார்த்தாள். மென்பொருள் வேலையில் இருப்பவள். "எதுக்கு மாமா இவ்வளவு? உள்ள இருக்கிறது எண்தானே. 'டெரைவிங்'னு ஒரு வரி போடுங்க, எண்ணோட வித்தையெல்லாம் உறைக்கும் வந்துடும்."

பதினான்கையும் அழித்து ஒன்று போட்டேன். பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். எல்லா வித்தையும் வந்தது. எண்ணின் வரிசையும் வந்தது. சின்னது முன்னால், பெரியது பின்னால். குழந்தை வீட்டின் குறை ஐயாயிரத்து எழுநூறு லிட்டர், தெருவிலேயே அதிகம். அது முப்பத்து நான்காவது இடத்துக்குப் போயிற்று. பட்டியலை ஒருமுறைகூடப் படிக்காமல் டிரைவருக்கு அனுப்பிவிட்டேன்.

மருமகளைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஒப்பிடுறதை மட்டும் நீங்க எழுதினபடியே விட்டிருக்கணும் மாமா. அது எண்ணோட விதி இல்லையே, உங்க விதி."

"நேற்றே சொல்வதற்கென்ன?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

வாசலில் குழந்தையின் அப்பா இரண்டு காலிக் குடங்களோடு நின்றார். டிரைவரிடமே ஆறாயிரம் லிட்டர் தனி லோடு சொன்னேன். பட்டியலில் சேராத லோடு, அதனால் சங்கக் கணக்கில் வராது. எட்டு ஐம்பதுக்கு அந்தத் தொட்டி நிறைந்தது. என் பையிலிருந்து போனது ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.